உடல் எனும் நெசவு: திசுக்களின் வகைகளும் பணிகளும்

மனித உடலை ஆராய்வோர் அதனை மூன்று படிகளில் காண்பர். கை, இதயம், நுரையீரல் போன்ற உறுப்புகள் முதற்படி. இவை வெறுங்கண்ணுக்குப் புலனாவன. நுண்ணோக்கியின் வழியாக மட்டுமே காணத்தக்க செல்கள் இறுதிப்படி. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்துள்ள படியே திசு. ஒத்த அமைப்பும் ஒத்த பணியும் கொண்ட செல்கள், தம்மைச் சூழ்ந்துள்ள இடைப்பொருளோடு கூடி ஒரு தொகுதியாக இயங்கும்போது அத்தொகுதி திசு எனப்படுகிறது. செல்லைப் பற்றியும் உறுப்பைப் பற்றியும் ஓரளவு அறிந்திருக்கும் கற்றோர்கூட இந்த நடுப்படியைக் கவனியாது கடந்துவிடுவது வழக்கம். ஆயினும் நோய் என்பது பெரும்பாலும் இங்குதான் வேர்கொள்கிறது. எந்தத் திசு பழுதுற்றது என்பதை அறியாதவரை நோயைக் குணப்படுத்தவும் இயலாது. நோயாளியைப் பற்றி நேர்மையாகத் தீர்ப்புக் கூறவும் இயலாது. இதற்குத் தமிழகத்திலேயே தக்க சான்று உண்டு. திசுக்களின் வகைகளையும் பணிகளையும் விளக்கிய பின்னர் அச்சான்றினைக் காண்போம்.

சொல்லும் பொருளும்

இத்துறைக்குரிய சொற்கள் பல மொழிகளில் தறியிலிருந்தே பிறந்துள்ளன என்பது வியப்பிற்குரியது. இன்றைய அரபு மொழியில் திசுவைக் குறிக்கும் சொல் 'நஸீஜ்', பன்மை 'அன்ஸிஜா'. நெய்தல் எனப் பொருள்படும் 'நஸஜ' என்ற வினையடியே இதன் மூலம். நெசவாளியைக் குறிக்கும் 'நஸ்ஸாஜ்' என்பதும் அதன் கிளையே. தமிழகப் பாடநூல்கள் வழங்கும் 'திசு' என்ற சொல் ஆங்கிலத்தின் வழி வந்தது. அதன் மூலமான பிரெஞ்சுச் சொல்லும் 'நெய்யப்பட்டது' என்றே பொருள்படும். திசுவியலுக்கு ஐரோப்பியர் வழங்கும் 'ஹிஸ்டாலஜி' என்ற பெயரில் உள்ள 'ஹிஸ்டோஸ்' என்ற கிரேக்கச் சொல் தறியையும் அதில் நெய்யப்பட்ட துணியையும் குறிக்கும். இலங்கைத் தமிழர் இதற்கு 'இழையம்' என்ற சொல்லை ஆக்கிக்கொண்டனர். இழையிலிருந்து இழையம்: பொருளும் ஒலியும் இயைந்த நல்ல தமிழாக்கம் அது.

சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் வட்டாரத்து வாசகர்களுக்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடையநல்லூர் முஸ்லிம்களின் முன்னோர் பலருக்குத் தறியே வாழ்வாதாரமாக இருந்தது. நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் தனித்தனியே நூல்தாம்; ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்போதுதான் அவை துணியாகின்றன. ஒரே நூலைக் கொண்டு கைலியும் நெய்யலாம், சல்லாவும் நெய்யலாம்; வேறுபாடு நெசவின் முறையில் உள்ளது. உடலிலும் அவ்வாறே. செல்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, அவற்றிற்கிடையே என்ன பொருள் உள்ளது என்பவையே ஒரு திசுவின் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

இப்னு சீனாவின் பகுப்பு

நுண்ணோக்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்த நடுப்படியை அறிவினால் உணர்ந்தோர் இருந்தனர். இப்னு சீனா (கி.பி. 980 – 1037) தமது 'அல்-கானூன் ஃபித் திப்' என்ற மருத்துவப் பெருநூலின் முதற்பாகத்தில் உறுப்புகளை இருவகையாகப் பிரிக்கிறார். முதல்வகை 'முஃப்ரதா', அஃதாவது தனியுறுப்புகள். இவற்றின் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் முழுமைக்குரிய பெயரும் இலக்கணமும் அப்பகுதிக்கும் பொருந்தும். எலும்பின் துண்டும் எலும்பே. தசையின் துணுக்கும் தசையே. ஆதலால் இவற்றிற்கு 'முதஷாபிஹதுல் அஜ்ஸா', பகுதிகள் ஒத்தவை, என்ற பெயரும் உண்டு. இரண்டாம் வகை 'முரக்கபா', அஃதாவது கூட்டுறுப்புகள். முகத்தின் ஒரு பகுதி முகமாகாது. கையின் ஒரு பகுதி கையாகாது.

இப்பகுப்பின் வேர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலிடமும், அரபு நூல்கள் ஜாலீனூஸ் என வழங்கும் கேலனிடமும் உள்ளது. எனினும் அதனை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றின் பயனையும் விளக்கி, மருத்துவம் பயில்வோர்க்குரிய பாடமாக்கிய சிறப்பு இப்னு சீனாவைச் சாரும். எலும்பு, குருத்தெலும்பு, நரம்பு, தசைநாண், தசைநார், தமனி, சிரை, சவ்வு, தசை எனத் தனியுறுப்புகளை அவர் வரிசைப்படுத்துகிறார். 'குள்ரூஃப்' எனப்படும் குருத்தெலும்பு எதற்காக அமைந்தது? வன்மையான எலும்பு மென்மையான உறுப்போடு நேரடியாகப் பொருந்தினால் அடியும் அழுத்தமும் நேரும்போது மென்மையானது நைந்துபோகும்; அதனைத் தவிர்க்கவே நடுத்தர வன்மையுள்ள ஒன்று இடையில் நிற்கிறது என்பது அவர் தரும் விளக்கம். இன்றைய எலும்பு மருத்துவரும் இதனை மறுக்கமாட்டார். அரபு கற்றோர் உவக்கத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. 'கிஷா' எனப்படும் சவ்வினை விளக்கும்போது, புலனுக்கு எட்டாத நுண்ணிய நார்களால் நெய்யப்பட்டது என்ற கருத்தை அவர் 'நஸஜ' என்ற அதே வேரிலிருந்து பிறந்த சொல்லால் உணர்த்துகிறார். நெசவின் உவமை அரபு மருத்துவத்தில் அத்துணைப் பழமையானது.

இப்னு சீனா கூறிய அனைத்தும் இன்று ஏற்கத்தக்கனவல்ல. நரம்பு, தசைநாண், தசைநார் ஆகிய மூன்றும் வெண்மையாகத் தோன்றுவதால் அவற்றைப் பழைய மருத்துவர்கள் நெருங்கிய உறவினவாகக் கருதினர். இன்று நரம்பு ஒரு குலம், ஏனைய இரண்டும் வேறு குலம் என்பது உறுதியாகியுள்ளது. அறிவின் வளர்ச்சியில் இவ்வாறு நிகழ்வது இயல்பே.

ஐரோப்பாவில் திசுவியலுக்கு அடித்தளமிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிஷா. 1771இல் பிறந்து 1802இல், முப்பதே வயதில் மறைந்த அவர், தாம் மறைவதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் 21 வகைத் திசுக்களைக் கணக்கிட்டார். அவர் நுண்ணோக்கியை நம்பவில்லை. உலர்த்தியும் வேகவைத்தும் அமிலத்தில் இட்டும் திசுக்களை வேறுபடுத்தி அறிந்தார். நோய் உறுப்பு முழுவதையும் பற்றுவதன்று, அதிலுள்ள குறிப்பிட்ட ஒரு திசுவைப் பற்றுவது என்ற கருத்து அவரால் வலுப்பெற்றது. 1839இல் ஷ்வான் என்ற ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் உடலும் செல்களால் ஆனதே என நிறுவினார். அதன் பின்னர் வகைப்பாடு மேலும் சுருங்கி, இன்று நான்கு பெருவகைகளாக நிலைபெற்றுள்ளது.

1. எபிதீலியத் திசு

உடலின் வெளிப்பரப்பையும் உள்ளறைகளின் பரப்பையும் போர்த்தி நிற்பது எபிதீலியத் திசு. இலங்கையில் இதனை மேலணி இழையம் என்பர். இதன் செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாக அடுக்கப்பட்டவை. அடித்தளச் சவ்வு ஒன்றின்மீது அமர்ந்தவை. இதற்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. கீழுள்ள திசுவிலிருந்து கசிந்துவரும் ஊட்டத்தையே இது பெறுகிறது.

பணிக்கேற்ப இதன் வடிவம் மாறும். நுரையீரலின் காற்றறைகளில் ஒற்றை அடுக்கான தட்டைச் செல்கள் உள்ளன. உள்ளிழுத்த காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையே அங்குள்ள தடுப்பு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவானது. ஆக்சிஜன் எளிதில் ஊடுருவுவதற்கு அந்த மென்மை தேவை. சிறுநீரகத்தின் நுண்குழல்களில் கனசதுரச் செல்களும் குடலில் தூண் வடிவச் செல்களும் உள்ளன. மூச்சுக்குழலில் உள்ள செல்கள் குறுயிழைகளை அசைத்துத் தூசியையும் சளியையும் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. உராய்வு மிகுந்த தோலிலும் வாயிலும் பல அடுக்குகள் காணப்படுகின்றன. உமிழ்நீர், வியர்வை முதலியவற்றைச் சுரக்கும் சுரப்பிகளும் இத்திசுவின் மாற்றுருவங்களே.

தேய்மானம் மிகுந்த இத்திசு ஓயாது புதுப்பிக்கப்படுகிறது. சிறுகுடலின் உட்பரப்பு ஏறத்தாழ 3 முதல் 5 நாள்களிலும், மேல்தோல் சுமார் ஒரு மாதத்திலும் புதிதாகின்றன. இவ்விடையறாத பிறப்பே இதன் வலிமை, ஆபத்தும் அதுவே. பெரியோரைத் தாக்கும் புற்றுநோய்களிற் பெரும்பாலானவை இத்திசுவில்தான் தோன்றுகின்றன. பீடி, சிகரெட் புகை நெடுங்காலம் படும்போது மூச்சுக்குழலின் குறுயிழைச் செல்கள் மறைந்து அவ்விடத்தில் தட்டைச் செல்கள் அடுக்காக முளைக்கின்றன. திசு தன் இனத்தையே மாற்றிக்கொள்ளும் இந்நிலை புற்றுநோய்க்கு முன்னோடியாக அமையக்கூடும். பீடி சுற்றும் தொழில் பல இல்லங்களுக்குச் சோறிடும் நம் பகுதியில் இதனை வெளிப்படையாகக் கூறுவது கடமையாகும்.

2. இணைப்புத் திசு

பிணைத்தல், தாங்குதல், நிரப்புதல், கொண்டுசெல்லுதல் ஆகியன இணைப்புத் திசுவின் பணிகள். எபிதீலியத்தில் செல்கள் நெருங்கி நிற்கும். இங்கோ செல்கள் விலகி நிற்க, அவற்றிற்கிடையே உள்ள இடைப்பொருளே மிகுதி. அவ்விடைப்பொருள் திரவமாயின் இரத்தம், குழைவாயின் குருத்தெலும்பு, சுண்ணம் ஏறி இறுகியதாயின் எலும்பு. தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் தசைநார், உணவின் மிகுதியைச் சேமிக்கும் கொழுப்புத் திசு ஆகியனவும் இக்குடும்பத்தினவே. இரத்தத்தைத் திசு எனக் கூறுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். செல்களும் இடைப்பொருளும் கூடிய தொகுதி என்ற இலக்கணத்திற்கு அது முற்றும் பொருந்துவதை எண்ணிப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

இத்திசுவின் பாவு நூல் 'கொலாஜன்' எனப்படும் புரதம். நம் உடலில் மிகுதியாக உள்ள புரதம் இதுவே. மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கப்பட்டு ஒரு நாராகின்றன. அம்முறுக்கு உறுதிபெற வைட்டமின் 'சி' இன்றியமையாதது. நெடுநாள் கடற்பயணம் சென்ற பழங்கால மாலுமிகளின் ஈறுகளில் குருதி கசிந்ததற்கும், ஆறிய பழம்புண்கள் மீண்டும் திறந்துகொண்டதற்கும் இக்குறைவே காரணம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துச் சில மாலுமிகளை ஒரு வாரத்திற்குள் தேற்றினார். வாசுதேவநல்லூரிலிருந்து தெற்கே செல்வோர் புளியங்குடிச் சந்தையில் குவியலாகக் காணும் எலுமிச்சைக்கும் நம் உடலின் நெசவிற்கும் இத்தகைய உறவு உண்டு.

நார் குறைவது கேடு, மிகுவதும் கேடே. கொட்டைப்பாக்கையும் பாக்குத்தூள் பொட்டலங்களையும் இடைவிடாது மெல்லுவோரின் கன்னத்தின் உட்புறத்தில் கொலாஜன் அளவின்றிப் படிந்து இறுகுகிறது. நாளடைவில் ஒரு கவளம் கொள்ளுமளவுக்குக்கூட வாய் திறவாது. புற்றுநோயாக மாறும் அபாயமும் உண்டு. இளைஞர்களிடம் இப்பழக்கம் பரவியிருப்பதால் பெற்றோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

3. தசைத் திசு

சுருங்குவதும் மீண்டும் தளர்வதும் தசைத் திசுவின் இலக்கணம். இது மூவகைப்படும். எலும்புகளைப் பற்றியுள்ள வரித்தசை நம் விருப்பத்திற்கு உட்பட்டது. உடலில் 600க்கும் மேற்பட்ட வரித்தசைகள் உள்ளன. குடல், இரத்தக் குழாய், கருப்பை ஆகியவற்றின் சுவரில் உள்ள மென்தசை நம்மைக் கேளாமலேயே இயங்கும். இதயத்தசை தனிவகை. வரிகள் இருந்தும் அது நம் விருப்பத்திற்கு உட்படுவதில்லை. அதன் செல்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றில் எழும் துடிப்பு அனைத்திற்கும் பரவுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை இதயம் துடிக்கிறது.

இதயத்தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு. மாரடைப்பில் அதன் ஒரு பகுதி மடிந்தால் அவ்விடத்தை இணைப்புத் திசு வடுவாக நின்று நிரப்பும். வடு கிழிசலை அடைக்குமேயன்றிச் சுருங்கி விரியாது. வரித்தசையைப் பற்றியும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: தன்னை ஏவும் நரம்பு மடிந்தால், தசை தன்னளவில் நோயற்றதாயினும் செயலிழந்து மெலிந்துபோகும்.

4. நரம்புத் திசு

செய்தியைப் பெறுதலும் கடத்தலும் நரம்புத் திசுவின் பணி. இதன் முதன்மைச் செல் நியூரான். பாதத்திற்குச் செல்லும் நியூரானின் உடல் முதுகெலும்பின் அருகே இருக்க, அதன் இழை பெருவிரல்வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், நீண்டு கிடக்கிறது. நியூரான்களுக்கு ஊட்டமும் காப்பும் தரும் துணைச்செல்களும் இத்திசுவில் உண்டு. உடலின் வெளிப்பகுதி நரம்புகளில் இழையைச் சுற்றி உறையிடும் துணைச்செல், மேலே குறிப்பிட்ட ஷ்வானின் பெயரால் ஷ்வான் செல் என வழங்குகிறது. செய்தி விரைந்து செல்ல இவ்வுறை தேவை.

அறுந்த வெளிநரம்பு, சூழ்நிலை இயைந்தால், நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் மீண்டும் வளரக்கூடும். மூளையிலும் முதுகுத்தண்டிலும் அத்தகைய வளர்ச்சி அரிது.

நரம்பு கொண்டுசெல்லும் செய்திகளுள் மனிதன் விரும்பாத ஒன்று வலி. அவ்வலி இல்லாவிடில் ஏனைய மூன்று திசுக்களின் கதி யாதாகும் என்பதற்கு விடை வேலூரில் கிடைத்தது.

வேலூரில் கிடைத்த விளக்கம்

தொழுநோயைக் குறிக்கும் அரபுச் சொல் 'ஜுதாம்'. துண்டித்தல் எனப் பொருள்படும் வேரிலிருந்து அது பிறந்தது. விரல்கள் குறுகி மறைவதைக் கண்டோர் இட்ட பெயர் அது. நோய் சதையைத் தின்கிறது, விரல்கள் அழுகி உதிர்கின்றன என்ற எண்ணம் எல்லாச் சமூகங்களிலும் நிலவியது. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். மறுஆண்டு, செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்வையிடச் சென்றார். அங்கு நோயாளிகளின் மடங்கிய விரல்கள் அவரது கவனத்தை ஈர்த்தன. மடங்கிய விரல்களையுடைய ஒருவர் அவரது கையைப் பற்றியபோது அப்பிடியின் வலிமை அவரைத் திகைக்க வைத்தது. கை செயலற்றது எனில் இவ்வலிமை எங்கிருந்து வந்தது என்ற வினாவிலிருந்து அவரது ஆய்வு தொடங்கிற்று.

ஆய்வில் தெளிவானது இது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளின் ஷ்வான் செல்களில் குடியேறுவது. அதனால் நரம்பு மடிகிறது. உள்ளங்கையின் சிறுதசைகள் ஏவுவாரின்றித் தளர்கின்றன, விரல்கள் மடங்குகின்றன. முன்கையின் பெருந்தசைகள் சிலவற்றிற்குச் செல்லும் நரம்போ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பிடியின் வலிமைக்குக் காரணம் அதுவே. தோல் வியர்வையிழந்து வறண்டு வெடிக்கிறது. வலி தெரியாததால் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகின்றனர். முள் தைத்த காலோடு நடக்கின்றனர். உறக்கத்தில் எலி கடிப்பதைக்கூட உணராதோர் உண்டு. புண் சீழ்பிடித்து எலும்பை அடைகிறது. எலும்பு கரைந்து விரல் குறுகுகிறது. ஆறும் ஆற்றலை அச்சதை இழந்துவிடவில்லை. அறுவைக் காயங்கள் ஏனையோருக்கு ஆறுவதுபோலவே இந்நோயாளிகளுக்கும் ஆறின. பழுதுற்றது ஒரே திசு. காவலனை இழந்த ஏனைய மூன்றும் அன்றாட வாழ்வின் சிறு காயங்களால் அழிந்தன.

எந்தத் திசு பழுதுற்றது, எது நலமாக உள்ளது என்பது தெரிந்ததும் வழி பிறந்தது. நலமான முன்கைத் தசையொன்றின் தசைநாணை விடுவித்து, தேவையாயின் உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணால் அதனை நீட்டி, செயலிழந்த விரல்களோடு பிணைக்கும் அறுவை மருத்துவத்தைப் பிராண்டும் அவரது குழுவினரும் 1948 முதல் வேலூரில் வளர்த்தெடுத்தனர். அறுந்த பாவு நூலுக்கு வேறு நூலைப் பிணைத்து நெசவைத் தொடர்வது போன்றது இது. இணைப்புத் திசு பிணைந்தால் மட்டும் போதாது. மணிக்கட்டை அசைத்துவந்த தசை இனி விரலை அசைக்க வேண்டும் என்பதை நோயாளியின் மூளை பல வாரப் பயிற்சியால் கற்றது. விபத்தில் இடுப்பின்கீழ் செயலிழந்த மேரி வர்கீஸ் என்ற மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய அறுவைகளைச் செய்தார் என்பதும் இவ்வரலாற்றின் ஒளிமிக்க பகுதியாகும். 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தனி ஆய்வு மையமும் அமைந்தது. எழுதவும் உழைக்கவும் உண்ணவும் தம் கையையே மீண்டும் பயன்படுத்தியோர் பலர்.

திசுவைப் பற்றிய இத்தெளிவு மருத்துவமனைக்கு வெளியேயும் பொருளுடையது. திருமணத்தை முறிக்க இடந்தரும் குறைகளின் வரிசையில் ஃபிக்ஹு நூல்கள் ஜுதாமைக் குறிப்பிடுகின்றன. அந்நோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் எழுந்த விவாதங்கள் அவை. இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவனின் தொழுநோயை மனைவி மணமுறிவு கோரத்தக்க காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. பிற சமயத்தாரின் திருமணச் சட்டங்களிலும் அத்தகைய விதி இருந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் நோய் ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் குணமாகும் நிலை ஏற்பட்டது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டம் இவ்விதிகளை எல்லாச் சமயத்தாரின் சட்டங்களிலிருந்தும் ஒருசேர நீக்கியது. காரணம் மாறினால் தீர்ப்பும் மாறும் என்ற நெறியை அறிந்த ஆலிம்கள் இம்மாற்றத்தின் நியாயத்தை எளிதில் உணர்வர். மக்களின் மனம்தான் இன்னும் மாறவேண்டியுள்ளது. 2022–23ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. உணர்வற்ற வெளிறிய படையைக் கண்டவுடன் அரசு மருத்துவமனைக்குச் செல்வோர் ஊனமின்றி மீள்வர், மருந்து இலவசம். அச்சத்தால் மறைப்போரே விரலை இழக்கின்றனர்.

நம் இல்லங்களில் இன்று

தொழுநோய் நமக்கு அயலது எனக் கருதுவோர்க்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. நீரிழிவு கட்டுக்கடங்காது நீடித்தால் நரம்புத் திசு நலிவடைகிறது. மிக நீண்ட நரம்புகளே முதலில் பாதிக்கப்படுவதால் பாதத்தில் அது தொடங்குகிறது. பின்னர் நிகழ்வன யாவும் செங்கல்பட்டில் கண்டவையே: தோல் வறண்டு வெடிக்கிறது, பாதத்தின் சிறுதசைகள் மெலிந்து விரல்கள் மடங்குகின்றன, அழுத்தம் ஓரிடத்தில் குவிகிறது, புண் வருகிறது, வலி வருவதில்லை. இரத்தக் குழாயும் சுருங்கியிருப்பின் புண் ஆறாமல் காலை அகற்றும் நிலை நேர்கிறது. தொழுநோயாளிகளுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் உருவாக்கப்பட்ட எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் செருப்பை இன்று நீரிழிவாளருக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது இவ்வொற்றுமையால்தான்.

ஐவேளையும் உளூச் செய்வோருக்கு இதில் ஒரு வாய்ப்பு உள்ளது. கால் கழுவும்போது விரல்களின் இடையே கோதிக் கழுவுவது சுன்னத் என்பதை யாவரும் அறிவர். நீரிழிவாளர் அவ்வேளையில், நாளுக்கு ஒருமுறையேனும், பாதத்தின் அடிப்புறத்தையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் உற்றுநோக்க வேண்டும். குனிய இயலாதோர் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் தங்காது துடைத்தல் வேண்டும்; ஈரம் தங்கினால் அங்கு தோல் ஊறி வெடிக்கும். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதித்தல் கூடாது. நலமுள்ள ஒருவர் கையால் பார்த்துச் சொல்லட்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுதல் கூடாது. கோடையின் நண்பகலில், லுஹர் வேளையில், பள்ளிவாசலின் திறந்த முற்றத்துக் கல்தளம் எவ்வளவு கொதிக்கும் என்பது நம் பகுதியினருக்குத் தெரியும். உணர்வுள்ள கால் துள்ளி விலகும்; உணர்விழந்த கால் நிதானமாக நடந்து கொப்புளத்தோடு வீடு திரும்பும். உளூச் செய்யும் இடத்திலிருந்து உட்பள்ளிவரை ஒரு தேங்காய்நார் விரிப்பு இடுவது நிர்வாகிகளுக்குப் பெருஞ்செலவு அன்று. எத்தனையோ முதியவர்களின் பாதத்தை அது காக்கும்.

போர்ப்பது, பிணைப்பது, இயக்குவது, உணர்த்துவது என நால்வகைத் திசுக்களும் தத்தம் பணியைச் செய்கின்றன. எனினும் ஒன்றின்றி ஒன்று வாழ்வதில்லை. வலி இல்லை என்பதனால் மட்டும் நலம் உண்டு என முடிவுசெய்வது பேதைமை. தறியில் அமர்ந்தவர் ஒரு பாவு நூல் அறுந்ததைக் கண்டவுடன் தறியை நிறுத்தி முடிச்சிடுவார். காணாது நெய்தால் துணி முழுவதும் குறை ஓடும். நம் பாதத்தையும் நம் பெற்றோரின் பாதத்தையும் அந்தக் கவனத்தோடு நோக்குவோமாக.